ஆந்தை இன்னும் கையெழுத்துப் போடவில்லை!

1

போன் அலறியது.

செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்று பத்து.

இன்ஸ்பெக்டர் ரிசீவரை எடுத்தார்.

"போலீஸ் ஸ்டேஷன்."

"என் வீட்டுக்காரர் செத்துக் கிடக்கிறார். யாரோ கொன்னுட்டாங்க."

பெண் குரல். அழுகை இல்லை. நடுக்கம் இல்லை. தண்ணீர் வரவில்லை என்று புகார் கொடுப்பது போல இருந்தது.

"பதறாதீங்கம்மா..."

"நான் பதறல சார். நீங்க சீக்கிரம் வாங்க."

முகவரி சொன்னாள். மூன்றாவது மாடி என்றாள். லிஃப்ட் ரிப்பேர், படியேறித்தான் வரவேண்டும் என்பதையும் சொன்னாள்.

லைன் கட்!

இன்ஸ்பெக்டர் எதிரில் இருந்த சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு யூனிஃபார்ம் மாட்டியவள். ஸ்டேஷனில் பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"புருஷன் செத்ததைச் சொல்ற குரலா இது? லிஃப்ட் ரிப்பேரையும் சேர்த்துச் சொல்றா!"

"அதிர்ச்சியில சில பேர் அப்படித்தான் சார் பேசுவாங்க."

"கொலை பண்ணவங்களும் அப்படித்தான் பேசுவாங்க. ஜீப்பை எடுக்கச் சொல்லு!"

2

சின்ன அறை.

ஜன்னலை மறைத்துக் கனமான துணி. பட்டப்பகலிலும் அறைக்குள் சாயங்காலம் போல ஒரு மங்கல். மேஜை மேல் மூன்று மானிட்டர்கள். மூன்றும் கறுப்பு.

காற்றில் ஏதோ கருகிய நாற்றம்...

நாற்காலியில் அவர் இருந்தார். வயது நாற்பத்து மூன்று. தலை மேஜை மேல் சாய்ந்திருந்தது. தடித்த கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி ஒரு காதில் மட்டும் தொங்கியது. அந்தக் கண்ணாடியால்தான் சிநேகிதர்கள் எல்லோருக்கும் அவர் பெயரே 'கண்ணாடி'.

வலது கை, மூடி திறந்திருந்த கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போயிருந்தது. விரல்கள் ஒரு ஒயரைப் பிடித்திருந்தன. தோல் உரித்த ஒயர்!

விரல் நுனிகள் கறுத்திருந்தன.

"கரெண்ட் ஷாக்," என்றார் இன்ஸ்பெக்டர். "பார்த்தாலே தெரியுதே. இதுல கொலை எங்கம்மா வந்தது?"

கதவோரம் நின்றிருந்த மனைவி நிமிர்ந்தாள். ஒல்லியான பெண். கையில் நூலகப் புத்தகங்கள் இருந்த பையை இன்னும் விடாமல் பிடித்திருந்தாள்.

"பிளக்கைப் பாருங்க சார்."

பார்த்தார். பிளக் சுவரில் செருகியிருந்தது. சுவிட்ச் ஆன்.

"பிளக்கைப் பிடுங்காம அவர் மூடியில கை வைக்க மாட்டார். பதினோரு வருஷமா பார்க்கிறேன். சுவிட்சை ஆஃப் பண்ணுவார், பிளக்கைப் பிடுங்குவார், அப்புறம் என்னைக் கூப்பிட்டு 'பிடுங்கிட்டேனா பாரு'ம்பார். அவ்வளவு பயந்தாங்கொள்ளி."

கடைசி வார்த்தையில் குரல் ஒரு நூலிழை அளவுக்கு உடைந்தது. உடனே ஒட்டிக்கொண்டது.

"என்ன வேலை பார்த்தார்?"

"டிரைவர்."

இன்ஸ்பெக்டர் மூன்று மானிட்டர்களையும் பார்த்தார். "டிரைவருக்கு எதுக்கு இத்தனை கம்ப்யூட்டர்? வண்டி எங்க நிக்குது?"

"ஓட்டுற டிரைவர் இல்ல சார். எழுதுற டிரைவர்."

"எழுதுறது கண்டக்டர் வேலையாச்சே!"

சப்-இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்தாள். "சார், கம்ப்யூட்டர்ல படம் வரையறதுக்குன்னே தனியா ஒரு கார்டு இருக்கும். கிராபிக்ஸ் கார்டு. பிசாசு வேகத்துல வரையும். ஆனா அதுக்கு நாம பேசுறது புரியாது. நடுவுல மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு ப்ரோகிராம் வேணும். அதுக்குப் பேர்தான் டிரைவர்."

"சரி, அதைக் கார்டு விக்கிறவன் எழுத வேண்டியதுதானே?"

"சில கம்பெனிங்க ஓப்பன் சோர்ஸ் சிஸ்டத்துக்கு எழுதித் தர மாட்டாங்க. அந்த மாதிரி சிஸ்டம் யாருக்கும் சொந்தமில்ல. யார் வேணா எடுத்துக்கலாம், யார் வேணா பிரிச்சுப் பார்க்கலாம். அதனால இவரை மாதிரி ஆளுங்க வீட்ல உக்காந்து எழுதுவாங்க."

"சும்மாவா?"

"சும்மாதான் சார்," என்றாள் மனைவி.

"ஊர்ல இப்படியும் ஆளுங்க இருக்காங்களா...!" இன்ஸ்பெக்டர் பிணத்தை முதல் தடவையாகக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் டார்ச்சை எடுத்தாள். பெட்டிக்குள் அடித்தாள். ஒளிவட்டம் மெல்ல நகர்ந்தது... நின்றது.

"சார்!"

"என்ன?"

"கார்டு இருக்க வேண்டிய இடம் காலி. ஸ்க்ரூ மட்டும் கீழ கிடக்கு. கார்டை யாரோ கழட்டிட்டுப் போயிருக்காங்க!"

இன்ஸ்பெக்டர் குனிந்து தானும் உள்ளே பார்த்தார்.

ஷாக் அடித்துச் செத்தவர் கார்டைக் கழற்றி எங்கேயும் கொண்டுபோய் வைத்திருக்க முடியாது.

படிக்கட்டில் காலடி ஓசை. தடதடவென்று ஓர் ஆள் மேலே வந்தார். கோட்டு, டை, நெற்றியில் வேர்வை. வாசலில் நின்று பிணத்தைப் பார்த்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ... தங்கச்சி... என்னம்மா இது!"

"யார் நீங்க?"

"இவனோட காலேஜ் சிநேகிதன் சார். கிராபிக்ஸ் கார்டு கம்பெனியில மேனேஜர். தங்கச்சிதான் போன் பண்ணுச்சு. ஓடி வந்தேன்." மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கரெண்ட்டோட விளையாடாதடான்னு..."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இமைக்கவில்லை.

3

சாயங்காலம் டாக்டர் போன் செய்தார்.

"ஷாக் எல்லாம் நாடகம்ங்க. பின்மண்டையில பலமான அடி. இரும்பு மாதிரி ஏதோ. உயிர் போனதுக்கு அப்புறம்தான் ஒயரைக் கையில கொடுத்திருக்காங்க."

"எத்தனை மணி?"

"பத்து, பத்தேகால். பத்தரைக்கு மேல சான்ஸே இல்ல."

இன்ஸ்பெக்டர் போனை வைத்த அதே நிமிடம் சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கையில் ஒரு காகிதம்.

"கண்ணாடியோட கம்ப்யூட்டர்லேர்ந்து இன்னிக்குக் காலையில ஒரு மெயில் போயிருக்கு சார்."

"போகட்டும். எத்தனை மணிக்கு?"

"பத்து நாப்பத்தி ரெண்டு."

இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"செத்தவர் மெயில் அனுப்பியிருக்காரா?"

"கொன்னவன் அனுப்பியிருக்கான் சார். பிணத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு உக்காந்து டைப் அடிச்சிருக்கான்!"

காகிதத்தை வாங்கிப் படித்தார்.

'மதிப்பிற்குரிய ஆந்தை அவர்களுக்கு, புதிய டிரைவரை முழுமையாகச் சோதித்துவிட்டேன். குறை எதுவும் இல்லை. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தாங்களும் உடனே போடவும்.'

"ஆந்தையா? அது என்ன கிண்டல்?"

"புனைப்பெயர் சார். இந்த டிரைவரை ரெண்டு பேர் சேர்ந்து எழுதுறாங்க. ஒண்ணு கண்ணாடி. இன்னொண்ணு ஆந்தை. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் புது டிரைவர் வெளிய போகும். கையெழுத்துன்னா பேனா இல்ல, கம்ப்யூட்டர் சாவி மாதிரி."

"ஆந்தையைக் கூட்டிட்டு வா."

"அதுதான் சிக்கல். ஆந்தை யாருன்னு யாருக்குமே தெரியாது. ஆறு வருஷமா எழுதுறான். டிரைவர் குழுவுல எல்லாரும் பார்க்கிற மெயில் மட்டும்தான். போட்டோ கிடையாது, போன் கிடையாது."

மனைவியை ஸ்டேஷனுக்கு வரவழைத்தார்கள். கூடவே மேனேஜரும் வந்து துணைக்கு நின்றார்.

"ஆந்தைன்னு ஒரு ஆளைத் தெரியுமாம்மா?"

அவள் கை பையின் பிடியை இறுக்கியது.

"அவர் ஆந்தைகூடத்தான் ஓயாம சண்டை போடுவார். மெயில்ல திட்டுவார். அப்புறம் அவரே சிரிச்சுக்குவார்."

"அந்த ஆள் யாருன்னு..."

அவள் குறுக்கே கேட்டாள்.

"ஆந்தை கையெழுத்துப் போட்டாச்சா சார்?"

"இன்னும் இல்ல."

அவள் மூச்சை விட்டாள். நல்ல சேதி கேட்ட மாதிரி.

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது. புருஷன் பிணவறையில். இவளுக்கு ஆந்தையின் கையெழுத்து மேல் என்ன அக்கறை?

4

புதன்கிழமை.

"நேத்துக் காலையில ஒன்பதிலிருந்து பதினொண்ணு வரை கண்ணாடியோட சம்சாரம் எங்க இருந்தாளாம்?"

"நூலகத்துல சார். விசாரிச்சுட்டேன். ஒரு மூலையில லேப்டாப்பை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்களாம். பத்தே முக்காலுக்குத் திடீர்னு எழுந்து ஓடியிருக்காங்க. குடையைக்கூட எடுக்கல."

"ஏன் ஓடினா?"

"கேட்டேன். மனசு சரியில்லன்னு சொன்னாங்க."

"மனசு சரியில்லாம போறதுக்கும் மெயில் போறதுக்கும் மூணே நிமிஷம்தான் வித்தியாசம்!"

மறுபடி கண்ணாடியின் அறை. மேஜை டிராயரைச் சப்-இன்ஸ்பெக்டர் குடைந்தாள். பழைய ஒயர், உடைந்த விசிறி, தீர்ந்துபோன பேனாக்கள். அடியில் ஒரு உறை.

உள்ளே இரண்டு படங்கள்.

இரண்டுமே நுரையீரல் ஸ்கேன். ஒரே நோயாளி. ஒரே தேதி. ஒரே நேரம்.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நல்லாப் பாருங்க சார். இடது பக்கம், கீழ."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் துணியை விலக்கி, படங்களை வெளிச்சத்தில் பிடித்தார்.

ஒரு படத்தில்... அரிசி மணியை விடச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி.

இன்னொன்றில் அது இல்லை!

கூடவே ஒரு ஆஸ்பத்திரி ஸ்கேன் அறைப் பணியாளர் கண்ணாடிக்கு எழுதிய கடிதம். சப்-இன்ஸ்பெக்டர் சத்தமாக வாசித்தாள்.

'ஐயா, சோதனைக்காக எங்களுக்குக் கொடுத்த கார்டில் ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன் போட்டால் படம் கண்ணிமைக்கும் நேரத்தில் வருகிறது. நிறுத்தினால் பதினோரு விநாடி ஆகிறது. ஆனால் வேகமாக வரும் படத்தில் சில புள்ளிகள் காணாமல் போகின்றன. நான் கவனிக்காமல் இருந்திருந்தால் இந்த நோயாளியை நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.'

"ஆக்ஸிலரேஷன்னா?"

"படம் வரையற வேலையைக் கம்ப்யூட்டரோட மூளை செய்யாம கார்டு நேரா செய்யறது சார். பயங்கர வேகம். ஆனா இந்தக் கார்டு வேகமா ஓடுறதுக்காகச் சின்னச் சின்னப் புள்ளியை எல்லாம் முழுங்குது!"

"இந்தக் கார்டு எங்கெல்லாம் போகப் போகுது?"

"நூத்தி நாப்பது ஆஸ்பத்திரிக்கு ஏற்கெனவே போயாச்சு சார். எல்லாமே ஓப்பன் சோர்ஸ் சிஸ்டம். டிரைவர் வெளிவந்தா வெள்ளிக்கிழமை மதியம் பன்னெண்டு மணியிலிருந்து ஓட ஆரம்பிக்கும்."

இன்ஸ்பெக்டர் படங்களை மேஜை மேல் வைத்தார்.

நூற்று நாற்பது ஆஸ்பத்திரி. தினமும் ஆயிரக்கணக்கான ஸ்கேன். புள்ளிகள் காணாமல் போகும். டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்லுவார்... 'உங்களுக்கு ஒண்ணுமில்ல!'

"அப்போ 'குறை எதுவும் இல்லை'ன்னு கண்ணாடி எழுதியிருக்க வாய்ப்பே இல்ல..."

"இல்ல சார். அவர் தடுத்திருக்கார். அதனாலதான் செத்திருக்கார்."

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு நீளமான எண். கண்ணாடியின் கையெழுத்து. மேலே 'என்னிடம் உள்ள கார்டு நம்பர்' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

5

வியாழக்கிழமை.

கார்டு கம்பெனி. ஆறாவது மாடி. சுவரெல்லாம் கண்ணாடி. மேனேஜர் அறையில் ஆள் உயரத்துக்கு ஒரு திரை. அதில் ஒரு மனித இதயம் முப்பரிமாணத்தில் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது.

சத்தமே இல்லாமல்.

"நாளைக்கு டெமோ சார். அதுக்காக ஓடிக்கிட்டிருக்கு," என்றார் மேனேஜர். கண்கள் சிவந்திருந்தன. "இவன் இல்லாம எனக்கு டெமோ எதுக்கு... ஆனா என்ன செய்யறது, கம்பெனி நிக்காதே."

"உங்க கார்டு புள்ளியை முழுங்குதாமே?"

மேனேஜர் அசரவில்லை. "ஆரம்பத்துல ஒரு சின்ன பிரச்சினை இருந்தது. சரி பண்ணிட்டோம். அதைக் கண்ணாடியே சோதிச்சு ஓகே பண்ணிட்டானே! மெயில் பார்த்தீங்கல்ல? எனக்கும் அவனுக்கும் எந்தத் தகராறும் இல்ல சார்."

"செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எங்க இருந்தீங்க?"

"இதே ரூம்ல. தனியா. டெமோவுக்குத் தயார் பண்ணிக்கிட்டிருந்தேன்."

"பார்த்தவங்க?"

"கதவைச் சாத்திக்கிட்டு வேலை பார்க்கிறவனை யார் சார் பார்ப்பாங்க?" மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "சார்... ஒரு விஷயம். தங்கச்சி முன்னாடி சொல்ல வேணாம்னு இருந்தேன். நீங்க ஆந்தையைப் பிடிங்க."

"ஆந்தையை யாருமே பார்த்ததில்லயாமே?"

"நான் பார்த்திருக்கேன்."

இன்ஸ்பெக்டரும் சப்-இன்ஸ்பெக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எப்போ?"

"ரெண்டு வாரம் முன்னாடி. என்னைத் தேடி வந்தான். கீழ பார்க்கிங்ல ரெண்டு மணி நேரம் பேசினோம். கண்ணாடி மேல அப்படி ஒரு வெறி சார் அவனுக்கு! 'வேலை பூரா நான் செய்யறேன், பேர் அவனுக்கா'ன்னு கத்தினான். 'செவ்வாய்க்கிழமை அவன் வீட்டுக்கே போய்க் கேக்கறேன்'னான். ஏதோ கோவத்துல பேசறான்னு நினைச்சுட்டேன்..." மேனேஜர் முகத்தை மூடிக்கொண்டார். "அப்பவே சொல்லியிருந்தா என் சிநேகிதன் பிழைச்சிருப்பான்!"

"ஆள் எப்படி இருந்தான்?"

"உயரம். தடியான உடம்பு. அடர்த்தியா மீசை. இடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு. கரகரன்னு குரல்."

போலீஸ் ஓவியர் வந்தார். மேனேஜர் சொல்லச் சொல்ல வரைந்தார். மீசையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னார் மேனேஜர். தழும்பை ஒரு நூல் தள்ளி வைக்கச் சொன்னார்.

படம் தயார். பார்த்தாலே கொலைகாரன் என்று சத்தியம் செய்யலாம் போல ஒரு முகம்!

"அப்படியே அவன்தான் சார்!" என்றார் மேனேஜர். "இன்னொரு விஷயம். கொலைகாரன்கிட்ட கையெழுத்து அதிகாரம் இருக்கக் கூடாது பாருங்க. டிரைவர் குழுவுக்கு நான் எழுதிட்டேன். ஆந்தையை நீக்கிட்டு அந்த இடத்துல எங்க என்ஜினீயரைப் போடச் சொல்லி. போலீஸ் ஆந்தையைத் தேடுதுன்னு நீங்க ஒரு வரி கொடுத்தா போதும். நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள முடிஞ்சுடும்."

"தர்றேன்... தர்றேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

படத்தோடு நேரே கண்ணாடி வீட்டுக்குப் போனார்கள்.

மனைவி கதவைத் திறந்தாள். வீட்டில் இரண்டு அறைகள். இரண்டிலும் ஒவ்வொரு மேஜை. அவள் தன் அறை மேஜையில் உட்கார்ந்து படத்தை வாங்கினாள்.

"இவன்தான் ஆந்தை. உங்க வீட்டுப் பக்கம் பார்த்திருக்கீங்களா?"

அவள் படத்தைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றுதான் இன்ஸ்பெக்டர் நினைத்தார்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்! கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். மூன்று நாளில் வந்த முதல் கண்ணீர்.

"இந்த முகத்தைச் சொன்னது யார் சார்?"

"மேனேஜர். ரெண்டு மணி நேரம் நேர்ல பேசினாராம்."

சிரிப்பு நின்றது. முகம் கல்லானது.

"கதவைச் சாத்துங்க சார். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

6

வெள்ளிக்கிழமை. பதினொன்று முப்பத்தைந்து.

ஆறாவது மாடி அறையில் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. மேனேஜர் டையைச் சரி செய்துகொண்டிருந்தார். கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர், சப்-இன்ஸ்பெக்டர், பின்னால் மனைவி.

"தங்கச்சி! நீ ஏன்மா இங்க அலையறே? வீட்ல இருந்திருக்கலாமே."

"டெமோ பார்க்கலாம்னு வந்தேண்ணா. அவர் கடைசியா வேலை பார்த்த கார்டாச்சே."

"உக்காரும்மா, உக்காரு." நாற்காலியை இழுத்துப் போட்டார். "சார், அந்த ஒரு வரி கொண்டு வந்தீங்களா? ஆந்தையை நீக்க இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

"கொண்டு வந்திருக்கேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு சந்தேகம்." இன்ஸ்பெக்டர் படத்தை மேஜை மேல் விரித்தார். "இவன்தான் ஆந்தைன்னு உறுதியாச் சொல்றீங்க?"

"நூறு தடவை சொல்வேன்!"

"நேர்ல பார்த்தீங்க?"

"இந்தக் கண்ணால பார்த்தேன்!"

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"கொடுங்க பேப்பரை!"

எழுதினார். கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

இன்ஸ்பெக்டர் காகிதத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். "இப்ப ஆந்தையைக் கூப்பிடலாமா?"

"என்னது... பிடிச்சுட்டீங்களா?"

"பிடிக்கல. அவங்களே வந்துட்டாங்க."

மேனேஜர் கதவைப் பார்த்தார். யாரும் வரவில்லை.

கீபோர்டு சத்தம் கேட்டது.

திரும்பினார்.

மனைவி டெமோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். விரல்கள் மழை பெய்வது போல ஓடின. துடித்துக்கொண்டிருந்த இதயம் சட்டென்று மறைந்தது. கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்தன.

'புதிய டிரைவர் நிராகரிக்கப்படுகிறது. காரணம்: நோயைக் காட்டும் புள்ளிகளை மறைக்கிறது.'

அடுத்த வரி...

'கையெழுத்து: ஆந்தை. சரிபார்க்கப்பட்டது.'

மேனேஜரின் வாய் திறந்தது. மூடவில்லை.

"நீ... நீயா...?"

"நான்தாண்ணா ஆந்தை," என்றாள் அவள். "கல்யாணத்துக்கு முன்னாடி சிப் சோதிக்கிற வேலைதான் பார்த்தேன். நீங்க பதினோரு வருஷமா வீட்டுக்கு வர்றீங்க. ஒரு நாள்கூட என்ன படிச்சேன்னு கேட்டதில்ல. முதல்ல என் பேர்லதான் எழுதினேன். எல்லாரும் 'இது உங்க வீட்டுக்காரர் எழுதினதா'ன்னு கேட்டாங்க. சலிச்சுப் போய் ஆந்தைன்னு வெச்சுக்கிட்டேன். வீட்ல என் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவுல ஒரு சுவர்தான். ஊருக்கு முன்னாடி மெயில்ல அடிச்சுக்குவோம். சாப்பிடும்போது சிரிச்சுக்குவோம். எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம்."

அவள் குரல் இறங்கியது.

"செவ்வாய்க்கிழமை நூலகத்துல அந்த மெயில் வந்தது. 'மதிப்பிற்குரிய ஆந்தை அவர்களுக்கு'... அவர் என்னை எப்பவும் 'டேய் ஆந்தை'ன்னுதான் ஆரம்பிப்பார். மதிப்பும் மரியாதையுமா ஒரு கடிதம் வந்ததும் எனக்குப் புரிஞ்சு போச்சு. அவர் கம்ப்யூட்டர் முன்னாடி வேற யாரோ உக்காந்திருக்காங்க! ஓடினேன். போய்ப் பார்த்தா..."

நிறுத்தினாள். நாற்காலியை மேனேஜர் பக்கம் திருப்பினாள்.

"கொன்னவனுக்கு இன்னும் ஒரு கையெழுத்து வேணும். ஆந்தை யாருன்னு தெரிஞ்சா அடுத்த பிணம் நான். ஸ்டேஷன்ல கேட்டப்போ சொல்ல வாய் வரல. நீங்க பக்கத்துலயே நின்னீங்க. வாயை மூடிக்கிட்டுக் காத்திருந்தேன். யார் ஆந்தையைப் பத்தி வாயைத் திறக்கறாங்கன்னு பார்க்க."

"சார்... இது... ஆள் மாறாட்டம் நடந்திருக்கு!" மேனேஜர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "என்கிட்ட வந்தவன் ஆந்தைன்னு பொய் சொல்லியிருப்பான்! அதுக்காக நான் கொலைகாரனா? ஆதாரம் இருக்கா?"

இன்ஸ்பெக்டர் மனைவியைப் பார்த்தார். "இருக்காம்மா?"

"இந்த டிரைவரை எழுதினது நாங்க சார். கார்டுகிட்ட 'நீ யாரு'ன்னு கேட்டா அது பொய் சொல்லாது."

ஒரே ஒரு வரி தட்டினாள்.

திரையில் ஒரு நீளமான எண் வந்து நின்றது.

சப்-இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்தாள். ஒவ்வொரு இலக்கமாக விரலை வைத்துப் பார்த்தாள். கடைசி இலக்கம் வந்தபோது நிமிர்ந்தாள்.

"கண்ணாடி வீட்டிலிருந்து காணாமப் போன கார்டு இதுதான் சார். இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு!"

மேனேஜர் பாய்ந்தார். கதவுப் பக்கம் இல்லை. பெட்டிப் பக்கம்! ஒயர்களை இரண்டு கையாலும் பற்றிப் பிடுங்கப் போனார்.

இன்ஸ்பெக்டர் காலை நீட்டினார்.

மேனேஜர் தரையில் விழுந்தார். டை முகத்தின் மேல் புரண்டது. சப்-இன்ஸ்பெக்டரின் முழங்கால் அவர் முதுகில் ஏறியது. விலங்கு 'க்ளிக்' என்றது.

"ஏன் கொன்னீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர் குனிந்து.

"கொல்லணும்னு போகல..." மேனேஜரின் கன்னம் தரையில் அழுந்தியிருந்தது. "சோதனை ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டது நான். மத்ததெல்லாம் ஆஸ்பத்திரிங்களுக்குப் போயாச்சு, டெமோவுக்கு ரெண்டு சோதனைக் கார்டுதான் இருந்தது. சோதனைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது எரிஞ்சு போச்சு. மிச்சம் இருந்தது அவன்கிட்ட. கெஞ்சினேன். ஒரு மாசம் பொறுத்துக்கோடான்னு காலைப் பிடிச்சேன். மத்தியானமே எல்லா ஆஸ்பத்திரிக்கும் எழுதப் போறேன்னு திரையைப் பார்த்துத் திரும்பிட்டான். பக்கத்துல மானிட்டர் ஸ்டாண்டு இருந்தது..."

மனைவி எழுந்து அவர் அருகில் வந்து நின்றாள்.

"ஒரு மாசம் பொறுத்திருந்தா எத்தனை பேர் செத்திருப்பாங்கன்னு கணக்குப் பார்த்தீங்களாண்ணா?"

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்த ஸ்கேன்ல இருந்தவங்களுக்கு நாப்பத்தாறு வயசு. ரெண்டு பிள்ளைங்க. புள்ளி தெரிஞ்சதால திங்கட்கிழமை ஆபரேஷன். பிழைச்சுக்குவாங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார்." அவள் பையைத் தோளில் மாட்டினாள். "சேதி வந்த அன்னிக்கே என் வீட்டுக்காரர்தான் எனக்குச் சொன்னார். சந்தோஷமா சாப்பிட்டார் அன்னிக்கு."

மணி பன்னிரண்டு ஆனது.

நூற்று நாற்பது ஆஸ்பத்திரிகளில் எதுவும் நடக்கவில்லை. பழைய டிரைவர், பழைய வேகம். ஒரு படத்துக்குப் பதினோரு விநாடி. எல்லாப் புள்ளிகளும் அதனதன் இடத்தில்.

மேனேஜரைத் தூக்கி நிறுத்தினார்கள். நின்றதும் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது.

"இனிமே ஒரு வார்த்தை பேச மாட்டேன்!" என்று கத்தினார். "எனக்கு என் வக்கீல் வரணும்! இப்பவே வரணும்!"

இன்ஸ்பெக்டர் மேஜை மேலிருந்த போனை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"தாராளமா கூப்பிடுங்க சார்... ஆனா இந்தத் தடவையாவது நிஜமா இருக்கிற ஆளாப் பார்த்துக் கூப்பிடுங்க!"